அங்கீகாரமும் தடையும் ஒரே சொல்லில்: ‘சாங்ஷன்’ என்ற ஆங்கில வினையைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பு, புதுக்கடை நீதிமன்றங்களை அண்டிய ஓர் ஒழுங்கையில் நான் மொழிபெயர்ப்புத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரே வாரத்தில் இரண்டு ஆங்கிலக் கடிதங்கள் என் மேசைக்கு வந்தன. முதலாவது ஒரு சிறு வியாபாரிக்கு அவருடைய வங்கி எழுதியது. அவர் கேட்ட மேலதிகப்பற்று ‘சாங்ஷன்’ செய்யப்பட்டுவிட்டது என்று அதில் இருந்தது. இரண்டாவது ஒரு தேயிலை ஏற்றுமதியாளர் கையொப்பமிட வேண்டிய உறுதிமொழி. கப்பலில் ஏற்றப்படும் பொருட்களில் ‘சாங்ஷன்’ செய்யப்பட்ட எந்தத் தரப்பினருக்கும் உரித்து இல்லை என்று அவர் எழுத்தில் உறுதியளிக்க வேண்டியிருந்தது. முதற்கடிதத்தில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று சரியாக எழுதிய கை, இரண்டாவதிலும் அதே சூட்டோடு ‘அங்கீகரிக்கப்பட்ட எந்தத் தரப்பினருக்கும்’ என்று எழுதிவிட்டது. என் பிரதியை வாசித்துப் பார்த்த மூத்த மொழிபெயர்ப்பாளர் அந்த ஒரு சொல்லின் கீழே பென்சிலால் கோடிட்டு, “தம்பி, இந்த ஆளுக்குச் சரக்குப் போகலாம் எண்டா எழுதியிருக்கு, போகக்கூடாது எண்டா?” என்று கேட்டார். வாக்கியத்தைத் திரும்ப வாசித்தபோதுதான், தடை செய்ய வந்த ஒரு பத்திரத்தை அதற்கு நேர் எதிரான பத்திரமாக நான் மாற்றியிருந்தது தெரிந்தது.

அன்று தொடங்கி இந்தச் சொல்லை நான் விட்டதில்லை. சட்ட மாணவர்கள், வங்கி ஊழியர்கள், செய்தி மொழிபெயர்ப்போர், அரச அலுவலகங்களில் மும்மொழிக் கடிதங்களோடு பணியாற்றுவோர் ஆகியோருக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில், இதன் பொருளையும் பிறப்பையும் கண்டறியும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதே வழியை வேறு இருபொருள் வினைகளுக்கும் கையாளலாம்.

முதற்படி: எந்த வகை இரட்டைப் பொருள் என்று தீர்மானித்தல்

ஒன்றுக்கொன்று எதிரான இரு பொருள்களைத் தாங்கும் ஆங்கில வினைகள் எல்லாம் ஒரே காரணத்தால் அப்படி ஆனவை அல்ல. ஆகவே அகராதியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே ஒரே தலைச்சொல் இருக்கிறதா, இரண்டு தலைச்சொற்கள் இருக்கின்றனவா என்பதையே.

‘கிளீவ்’ என்ற வினைக்குப் பிளத்தல், ஒட்டிக்கொள்ளுதல் என்ற இரு பொருள்களும் உண்டு. நல்ல அகராதிகள் அதை இரண்டு தலைச்சொற்களாகவே தரும். பழைய ஆங்கிலத்தில் பிளத்தலைக் குறித்த ஒரு வினையும் ஒட்டுதலைக் குறித்த வேறொரு வினையும் தனித்தனியே இருந்து, நூற்றாண்டுகளின் ஒலித்தேய்வில் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. அவை ஒரே ஊருக்கு வந்து குடியேறிய இரு வேறு குடும்பங்கள். தமிழ் விவிலியத்தைப் புரட்டினால் இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும்: மனைவியோடு ‘இசைந்திருப்பான்’ என்று ஆதியாகமத்தில் வரும் இடமும், ‘விரிகுளம்பு’ என்று லேவியராகமத்தில் வரும் இடமும் 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் இந்த இரு வினைகளின் வடிவங்களையே கொண்டுள்ளன.

‘டேபிள்’ என்ற வினையின் கதை வேறு. அங்கே பொருளைப் பிரித்து நிற்பது கடல். பிரித்தானிய வழக்கில் ஒரு விடயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் அதை அவையின் முன் வைப்பது; அமெரிக்க வழக்கிலோ அதை ஒத்திப்போடுவது. நமது பாராளுமன்றம் பிரித்தானிய மரபைப் பின்பற்றுவதால் ‘சபாபீடத்தில் சமர்ப்பித்தல்’ என்று தமிழில் எழுதுகிறோம். வாஷிங்டனிலிருந்து வந்த ஆவணமொன்றில் அதே சொல்லைக் கண்டு அப்படியே எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

‘சாங்ஷன்’ இவ்விரு வகையையும் சேர்ந்ததன்று. அதற்கு அகராதியில் ஒரே தலைச்சொல்தான், ஒரே வேர்தான், கடலின் இரு கரையிலும் இரு பொருளும் வழங்குகின்றன. ஒரே தாய்க்குப் பிறந்த இரு பிள்ளைகள் எதிரெதிர்த் திசையில் போனது எப்படி என்று கேட்பதே அடுத்த படி.

இரண்டாம் படி: வேரைத் தேடிப் போதல்

இந்தச் சொல் இலத்தீன் மொழியின் ‘சங்கீரே’ என்ற வினையிலிருந்து வருகிறது. மீற முடியாததாக்குதல், புனிதக் காப்பு இட்டு உறுதிப்படுத்துதல், சட்டமாக விதித்தல் என்பன அதன் பொருள்கள். ‘புனிதமாக்கப்பட்ட’ என்ற பொருள்படும் ‘சாங்க்துஸ்’ அதே வினையின் எச்சம். கொழும்பிலுள்ள பல தேவாலயங்களின், பாடசாலைகளின் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் ‘செயின்ட்’ அதன் வழிவந்தது. அதன் வினைப்பெயர் ‘சாங்க்தியோ’. ஆங்கிலச் சொல்லின் நேர் மூதாதை இதுதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய நூலை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். கி.பி. 533இல் உரோமப் பேரரசர் யுஸ்தினியன் சட்ட மாணவர்களுக்காக வெளியிட்ட பாடநூலின் இரண்டாம் பாகத்தில், பொருட்களின் வகைகளைச் சொல்லும் பகுதியில், நகரத்தின் மதில்களும் வாயில்களும் ‘சாங்க்துஸ்’ எனப்படும் வகையைச் சேர்ந்தவை என்று வருகிறது. அதற்குக் கூறப்படும் காரணம் கவனத்துக்குரியது: மதிலுக்கு எதிராகக் குற்றம் இழைப்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருப்பதால்தான் மதில் அவ்வாறு அழைக்கப்படுகிறது, அதனால்தான், சட்டத்தை மீறுவோருக்கு எதிராகத் தண்டனையை நிறுவும் சட்டப் பகுதிகளையும் ‘சாங்க்தியோ’ என்கிறோம் என்று அந்நூல் தொடர்கிறது.

இந்த ஒரு பத்தியில் முழுப் புதிரும் அவிழ்ந்துவிடுகிறது என்பது என் துணிபு. மதில் புனிதமானது, ஏனெனில் அதைத் தொட்டவன் தண்டிக்கப்படுவான். தொட்டவன் தண்டிக்கப்படுவான், ஏனெனில் மதில் புனிதமானது. காப்பும் தண்டனையும் உரோமருக்கு இரு செயல்கள் அல்ல. ஒரே செயலை மதிலுக்கு உள்ளே நின்று பார்ப்பதும் வெளியே நின்று பார்ப்பதும்தான். உரோமை நகரின் பிறப்புக் கதையிலேயே, எழும்பிக்கொண்டிருந்த மதிலைத் தாண்டிக் குதித்த, நகரை நிறுவிய உரோமுலுஸின் உடன்பிறந்தானான இரேமுஸ் அதற்காகவே கொல்லப்பட்டான் என்று ஒரு மரபு உண்டு. இதே வேரோடு உறவுடைய ‘சகெர்’ என்ற சொல்லும், தெய்வத்துக்கு உரியது என்ற பொருளோடு, சபிக்கப்பட்டது என்ற பொருளையும் சேர்த்தே தாங்கியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டங்களில், தன்னை அண்டி வாழ்பவனை வஞ்சிக்கும் தலைவன் ‘சகெர்’ ஆகட்டும் என்று ஒரு விதி உண்டு. அங்கே அச்சொல் சாபமாகவே நிற்கிறது.

உரோமச் சட்டம் நமக்குத் தொலைவான சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டம் இன்றும் இலங்கையின் பொதுச் சட்டம். 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரையே, நாம் புதுக்கடை என்று அழைக்கும் இடம் ஆங்கிலத்தில் சுமந்துகொண்டிருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த உரோமச் சிந்தனை புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் வரும் கடிமரத்தை நினைத்துப் பாருங்கள். அரசனின் காவல்மரம் அது, எவரும் தொடக்கூடாதது, பகைவன் அதை வெட்டினால் அது போருக்குச் சமம். அதன் அடையான ‘கடி’ என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் உரியியலில் பத்துப் பொருள்களைச் சொல்கிறது. காப்பும் அவற்றில் ஒன்று, நீக்குதலைக் குறிக்கும் வரைவும் ஒன்று, அச்சமும் ஒன்று. காக்கப்பட்ட நகரைக் கடிநகர் என்றவர்களே தீயதை விலக்குவதைக் கடிதல் என்றும் சொன்னார்கள். இலத்தீன் சொல்லுக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. ஆனாலும் இரு மக்களும் மதிலையும் மரத்தையும் பார்த்து ஒரே விதமாகச் சிந்தித்திருக்கிறார்கள். ‘ஆணை’ என்ற நம் சொல்லும் இப்படித்தான். அரசன் விதிப்பதும் ஆணை, “அம்மா மேல் ஆணை” என்று பிள்ளை சொல்லும் சத்தியமும் ஆணை.

மூன்றாம் படி: ஆங்கிலத்தில் கிளைகள் பிரிந்த காலத்தைக் குறித்துக்கொள்ளுதல்

ஒரு சொல்லின் இரு பொருள்களும் ஒரே காலத்தில் பிறப்பதில்லை. எந்தப் பொருள் எப்போது வந்தது என்று தெரிந்தால், பழைய ஆவணத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும்.

ஆங்கிலத்தில் முதலில் வந்தது பெயர்ச்சொல்லே. தொடக்கத்தில் அது சட்டம், ஆணை என்ற பொருளில், சிறப்பாகத் திருச்சபையின் ஆணையைக் குறித்து வழங்கியது. 1713இல் ஒஸ்திரியாவை ஆண்ட ஆறாம் சார்ள்ஸ் பேரரசர் தம் ஆட்சிப்பகுதிகளைப் பெண்வாரிசும் பெறலாம் என்று பிறப்பித்த ஆணையை வரலாற்று நூல்கள் இன்றும் ‘பிரக்மாடிக் சாங்ஷன்’ என்றே அழைக்கின்றன. அங்கே அனுமதியும் இல்லை, தண்டனையும் இல்லை, ஆணை மட்டுமே உண்டு. 17ஆம் நூற்றாண்டில், சட்டத்தோடு இணைந்த தண்டனை என்ற பொருள் பெயர்ச்சொல்லுக்குச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலப்பகுதியில்தான் அது வினையாயிற்று. அப்போது அதன் பொருள் உறுதிப்படுத்துதல், அதிகாரத்தோடு இசைவளித்தல் என்பது மட்டுமே. தண்டித்தல் என்ற பொருளில் வினையாக அது வழங்கத் தொடங்கியது 1950களில். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் தேசாதிபதி ஒருவர் ஒரு செலவை ‘சாங்ஷன்’ செய்தார் என்று பழைய ஆவணத்தில் வாசித்தால், ஐயத்துக்கே இடமில்லை, அவர் அனுமதித்தார்.

சட்ட மாணவர்கள் இங்கே ஒரு மூன்றாம் கிளையையும் கவனிக்க வேண்டும். 1789இல் வெளிவந்த, ஆங்கிலச் சட்ட மெய்யியலாளர் ஜெரமி பெந்தாமின் நூல் இயற்கை, அரசு, ஒழுக்கம், சமயம் என்று நான்கு வகை ‘சாங்ஷன்’களைப் பேசுகிறது. ஒருவரை ஒரு நடத்தைக்குக் கட்டுப்படுத்தும் இன்பமும் துன்பமும் பிறக்கும் ஊற்றுகளையே அவர் அப்படி அழைத்தார். அதை ‘அனுமதி’ என்றோ ‘தடை’ என்றோ மொழிபெயர்ப்பது இரண்டுமே பிழை. ‘கட்டுப்படுத்தும் வலு’ என்று விரித்து எழுதுவதே நேர்மையானது.

தண்டனைக் கிளை நாடுகளுக்கிடையிலான அரசியலுக்குள் நுழைந்தது முதலாம் உலகப் போரின் பின்னர். ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு முன்னோடியான நாடுகளின் கழகத்தின் உடன்படிக்கையிலுள்ள 16ஆம் உறுப்புரை, அவ்வுடன்படிக்கையை மீறிப் போரில் இறங்கும் உறுப்புநாட்டோடு வாணிபத்தையும் நிதித் தொடர்பையும் துண்டிக்கும் கடப்பாட்டை விதித்தது. 1935இல் எத்தியோப்பியாவின்மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக அது பிரயோகிக்கப்பட்டபோது, பன்மை வடிவிலான இந்தச் சொல் செய்தித்தாள்களில் நிலைபெற்றது. 1966இல் ரொடீசியாமீது (இன்றைய சிம்பாப்வே) ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை கட்டாயப் பொருளாதாரத் தடைகளை விதித்தது. இன்று கொழும்பில் ஒரு சாதாரண வாசகர் இந்தச் சொல்லைச் சந்திப்பது பெரும்பாலும் இந்தக் கிளையில்தான். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனை, மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகத் தீர்ப்பதென 2021 டிசெம்பரில் உடன்பாடு ஏற்பட்டதற்கும், 2023 ஜனவரியில் கனடா இலங்கையர் நால்வர்மீது நடவடிக்கை எடுத்த செய்திக்கும் பின்னால் நின்ற ஆங்கிலச் சொல் இதுவே.

நான்காம் படி: வாக்கியத்துக்குள் நின்று சோதித்தல்

வரலாறு தெரிந்தாலும் மேசையில் கிடக்கும் வாக்கியத்தை அதுமட்டும் தீர்த்துவிடாது. நான் கைக்கொள்ளும் முதற் சோதனை செயப்படுபொருளைப் பார்ப்பது. ‘சாங்ஷன்’ செய்யப்படுவது ஒரு செயல், திட்டம், செலவு, கடன், விடுமுறை, வழக்குத் தொடர்தல் என்றால் பொருள் அனுமதி. செய்யப்படுவது ஓர் ஆள், நிறுவனம், கப்பல், நாடு என்றால் பொருள் தண்டனை. செயலுக்கு இசைவு கொடுக்கலாம், தண்டனை கொடுக்க முடியாது; தண்டனை செய்தவருக்கே உரியது. இந்த ஒரு கேள்வியே பெரும்பாலான இடங்களில் போதுமானதாக இருக்கும். அன்று நான் அதைக் கேட்டிருந்தால், ‘தரப்பினர்’ என்ற சொல்லே எனக்கு விடையைச் சொல்லியிருக்கும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது எண்ணையும் அதன் அருகிலுள்ள உருபுச் சொல்லையும் பார்க்க வேண்டும். பன்மையில் வந்து, ‘மீது’, ‘எதிராக’ என்று பொருள்படும் சொல் பின்தொடர்ந்தால் தடை. ஒருமையில் வந்து, ‘இன்னாருடைய’ என்று உடைமை காட்டினால் பெரும்பாலும் அனுமதி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, குறித்த சில குற்றங்களுக்கு வழக்குத் தொடரச் சட்டமா அதிபரின் முன் ‘சாங்ஷன்’ வேண்டும் என்கிறது. அது முன் அனுமதி.

மிகவும் ஏமாற்றுவது பெயரெச்சமாக வரும் வடிவம். ‘சாங்ஷன் செய்யப்பட்ட ஆளணி’ என்றால் அங்கீகரிக்கப்பட்ட பதவிகளின் எண்ணிக்கை. ‘சாங்ஷன் செய்யப்பட்ட ஆள்’ என்றால் தடைக்குட்பட்டவர். ஆளணியும் ஆளும் தமிழில் எத்தனை அருகருகே நிற்கின்றன என்று பாருங்கள். ஆனால் முன்னது ஓர் ஏற்பாடு, பின்னது ஒரு மனிதர். விளையாட்டுத் துறையில் ‘சாங்ஷன் செய்யப்பட்ட போட்டி’ என்பது சங்கத்தின் ஒப்புதல் பெற்ற போட்டி. ‘சாங்ஷன் செய்யப்பட்ட வீரர்’ என்பது தண்டனை பெற்றவர்.

இவை எல்லாம் செய்தும் ஐயம் தீராத இடங்கள் உண்டு. ‘சட்டத்தின் சாங்ஷன் இல்லாத ஒரு வழக்கம்’ என்ற தொடர், சட்டம் இசையாத வழக்கம் என்றும், மீறினால் சட்டம் தண்டிக்காத வழக்கம் என்றும் பொருள்படக்கூடும். அப்படியான இடத்தில் முன்னும் பின்னும் இரண்டு பத்திகளை வாசித்து, ஆசிரியர் அந்த வழக்கத்தின் உரிமையைப் பேசுகிறாரா, அதன் கட்டாயத்தைப் பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும். அப்போதும் தெளியாவிட்டால் ஆவணத்தைக் கொடுத்தவரிடம் கேட்டுவிடுவதே முறை. ஊகித்து எழுதும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

ஐந்தாம் படி: தமிழ்ச் சொல்லைத் தெரிவு செய்தல்

அனுமதிக் கிளையில் தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆனால் அவை ஒன்றுக்கொன்று ஈடல்ல. வங்கிக் கடனுக்கும் ஆளணிக்கும் ‘அங்கீகாரம்’, வழக்குத் தொடரவும் விடுமுறை எடுக்கவும் ‘அனுமதி’, பல தரப்புகள் இணங்க வேண்டிய இடத்தில் ‘ஒப்புதல்’ என்று நான் எழுதுகிறேன்.

தடைக் கிளையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ‘தடைசெய்யப்பட்ட’ என்று எழுதினால், இந்த நாட்டின் வாசகர் உடனே நினைப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்ட இயக்கத்தை. அது வேறோர் ஆங்கிலச் சொல்லுக்கு உரிய இடம். ஒரு வெளிநாடு தன் பட்டியலில் சேர்த்த ஒரு வர்த்தகரை அப்படி அழைத்தால் அவருக்குப் பெரும் அநீதி செய்தவர்களாவோம். ஆகவே, நாடென்றால் ‘பொருளாதாரத் தடைக்குட்பட்ட நாடு’ என்றும், ஆளென்றால் ‘தடைப்பட்டியலிலுள்ள நபர்’ என்றும் எழுதுவது பாதுகாப்பானது. தடை விதித்தவர் யார் என்பது ஆவணத்தில் இருந்தால் அதையும் விடாமல் எழுத வேண்டும். பாதுகாப்புச் சபை விதித்ததும் ஒரு தனி நாடு விதித்ததும் சட்ட வலுவில் ஒன்றல்ல. தொழிலிடத்து ஒழுக்காற்று விடயமாக இருந்தால் ‘தடை’ பொருந்தாது. ‘தண்டனை’ என்றே எழுதலாம்.

கொழும்பில் பணியாற்றும் நமக்கு ஒரு வசதி உண்டு. பல ஆவணங்களுக்குச் சிங்களப் பிரதியும் இருக்கும். சிங்களத்தில் அனுமதிக்கு ‘அனுமெதிய’ என்றும், நாடுகள் விதிக்கும் தடைகளுக்கு ‘சம்பாதக’ என்றும் முற்றிலும் வேறு சொற்கள் வழங்குவதால், அந்தப் பிரதியில் எது நிற்கிறது என்று பார்த்தாலே சிக்கல் தீரும். ஆனால் சிங்களப் பிரதியும் ஒரு மொழிபெயர்ப்பே என்பதை மறக்கக்கூடாது. என்னைப் போல ஒருவர் அங்கேயும் தடுக்கி விழுந்திருக்கலாம். ஆகவே அதைச் சாட்சியாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது.

இரு பொருளையும் தாங்கும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. தமிழில் ‘விலக்கு’ அதற்கு மிக அருகில் வருகிறது. வரிவிலக்கு என்றால் சலுகை, மதுவிலக்கு என்றால் தடை. இரண்டிலும் ஒன்றை அப்பால் அகற்றுவதே அடிச்செயல், எது அகற்றப்படுகிறது என்பதே பொருளைத் தீர்க்கிறது. வகுப்பில் இந்த ஆங்கில வினையை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பில் அதைப் பயன்படுத்த முடியாது. ஆங்கிலத்தின் மயக்கத்தைத் தமிழ் வாசகரின் தலையில் ஏற்றுவது நம் வேலை அல்ல.

கடைசியாக, எழுதி முடித்த தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தைப் பார்க்காமல் தனியே வாசித்து, அதில் வரும் ஆளுக்கு அது கதவைத் திறக்கிறதா, மூடுகிறதா என்று கேட்க வேண்டும். அன்றைய உறுதிமொழியை நான் இப்படித் திருத்தி எழுதினேன்: ‘பொருளாதாரத் தடைகளுக்கு உட்படுத்தப்பட்ட எந்தத் தரப்பினருக்கும் இப்பொருட்களில் எவ்வித உரித்தும் இல்லை என இத்தால் உறுதியளிக்கிறேன்.’ மூத்தவர் அதை மெதுவாக ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். பிறகு முதற்பிரதியிலிருந்த தம் பென்சில் கோட்டை அழிக்காமலே அதை என் கையில் தந்துவிட்டு, புதிய பிரதியில் முத்திரையைக் குத்தினார்.